தவளையை அறுக்கும் வகுப்பு: மாணவர்களை எப்படித் தயார் செய்கிறார்கள்? 'மாட்டேன்' என்றால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் ஆறு மாதம் தங்கிவரும் தாத்தா, பாட்டிகள் இதைப் பார்த்திருக்கலாம். பேரன் பள்ளியிலிருந்து ஒரு பேப்பரைக் கொண்டுவந்து கையெழுத்து கேட்பான். அடுத்த வாரம் பயாலஜி வகுப்பில் தவளை டிசெக்ஷன், உங்கள் பிள்ளை கலந்துகொள்ள சம்மதமா என்று அதில் கேட்டிருக்கும். வீட்டில் முட்டைகூட சமைக்காத குடும்பம் என்றால் அன்றைக்கு ராத்திரி அதுதான் பேச்சு.

நம்ம ஊரில் இதை நிறுத்தியாச்சே, அங்கே மட்டும் ஏன் நடக்குது? பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா மார்க் போயிடுமா? பயப்படுற பிள்ளையை எப்படித் தயார் பண்றது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தியாவில் எப்போது நின்றது?

90-களில் விலங்கியல் படித்தவர்களுக்கு அந்த லேப் மறக்காது. மெழுகு ஊற்றிய ட்ரே, குளோரோஃபார்ம் வாசனை, குண்டூசியால் நான்கு காலையும் குத்தி மல்லாக்கப் படுக்க வைத்த தவளை. கரப்பான், மண்புழு எல்லாம் வரிசையாக வரும். பிராக்டிகல் தேர்வில் கைக்கு எது வருகிறதோ அதை அறுத்து, பாகங்களைக் குறித்துக் காட்ட வேண்டும்.

உண்மையில், தேவையில்லாமல் விலங்குகளை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்ற கருத்து நம் சட்டத்தில் ரொம்ப காலமாகவே இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், புத்தகம், மாதிரி உருவம், படம் போன்றவை போதுமானதாக இருக்கும் இடங்களில் விலங்குகள் மீதான சோதனைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. வெறும் கைப்பழக்கத்துக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் சட்டத்தில் இருந்தது லேப் வரைக்கும் வந்து சேர பல வருஷம் ஆனது.

தவளைக்கு இன்னொரு பிரச்னையும் இருந்தது. வெளிநாடுகளுக்குத் தவளைக்கால் ஏற்றுமதி செய்த நாடு இந்தியா. வயலில் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைந்துபோன நிலையில் 1987-இல் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஒரு பக்கம் தவளையைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, இன்னொரு பக்கம் வருஷா வருஷம் லேப்புக்கு அள்ளிக்கொண்டு வருவது எந்தக் கணக்கிலும் சரிவரவில்லை.

கடைசியில் 2011-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, விலங்கியல் மற்றும் உயிர் அறிவியல் படிப்புகளில் டிசெக்ஷனைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. 2014-இல் இளநிலை, முதுநிலை இரண்டிலும் நிறுத்தச் சொல்லிவிட்டது. சிபிஎஸ்இ பள்ளிகளில் அதற்கு முன்பே கைவிட்டுவிட்டார்கள். அதனால் இன்றைக்கு தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் மண்புழு, கரப்பான், தவளை மூன்றும் படமாக இருக்கும், ட்ரேயில் இருக்காது.

அமெரிக்காவில் எதை அறுக்கிறார்கள்?

அங்கே இதற்கென்று பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. பள்ளி ஆர்டர் கொடுத்தால், பதப்படுத்திய உயிரினங்கள் பிளாஸ்டிக் பையில் அடைத்து வந்துவிடும். யாரும் உயிரோடு இருப்பதை வகுப்பில் கொல்வதில்லை. நம் பழைய லேப்புக்கும் அதற்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான்.

சின்ன வகுப்புகளில் மண்புழு, வெட்டுக்கிளி, ஆட்டின் இதயம், மாட்டின் கண். உயர்நிலைப் பள்ளியில் தவளை, பன்றிக்கரு. உடற்கூறியலைத் தனிப் பாடமாக எடுப்பவர்களுக்குச் சில பள்ளிகளில் பூனைகூட வரும். பன்றிக்கரு என்றவுடன் பலருக்குத் தூக்கிவாரிப்போடும். இறைச்சிக்காக வெட்டப்படும் தாய்ப்பன்றிகளின் வயிற்றில் இருப்பவை அவை, வகுப்புக்காக வளர்க்கப்படுபவை அல்ல. பூனைகள் காப்பகங்களில் கருணைக்கொலை செய்யப்பட்டவை. ஆனால் தவளை அப்படி இல்லை. பெரும்பாலும் நீர்நிலைகளில் பிடித்துக்கொண்டு வருவதுதான்.

'இது எங்கிருந்து வந்தது?' என்று ஒரு மாணவி கேட்டால் ஆசிரியருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தயாரிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. "அதெல்லாம் உனக்கு எதுக்கு, வெட்டு" என்று சொல்லும் வகுப்பில் அதற்குப் பிறகு வேறு கேள்வியும் வராது.

ஒரு வாரம் முன்பே தொடங்கணும்

நல்ல ஆசிரியர்கள் கத்தியை முதல் நாள் கையில் கொடுப்பதில்லை. முதல் வேலை, எதற்காகச் செய்கிறோம் என்று சொல்வது. 'தவளையின் உள்ளே பார்க்கப் போகிறோம்' என்பது காரணம் ஆகாது. மூன்று அறை கொண்ட இதயம் எப்படி இருக்கும், விலா எலும்பே இல்லாத ஒரு பிராணி எப்படி மூச்சு விடும், குடலை நீட்டினால் உடம்பைவிட எத்தனை மடங்கு நீளம் வரும் என்று கேள்விகளோடு உள்ளே போனால், பிள்ளைகளின் கவனம் அருவருப்பிலிருந்து தேடலுக்குப் போய்விடும்.

அடுத்தது படம். உடற்கூறுப் படத்தை மனப்பாடமாக வரையச் சொல்வார்கள், வீடியோ காட்டுவார்கள். பல பள்ளிகளில் கம்ப்யூட்டரில் ஒருமுறை 'வெட்டிப் பார்த்த' பிறகுதான் லேப்புக்கு அனுப்புகிறார்கள். முதல்முறை நிஜத்தைப் பார்க்கும்போது எது கல்லீரல், எது இரைப்பை என்று ஓரளவு தெரிந்திருந்தால் அதிர்ச்சி பாதியாகக் குறையும். எதுவும் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் ரத்தமும் சதையும்தான்.

மூன்றாவது, நிறைய பேர் விட்டுவிடுவது: எப்படி உணர்கிறாய் என்று தனியாகக் கேட்பது. வகுப்பில் எல்லார் முன்னாலும் 'யாருக்குப் பயம்?' என்று கேட்டால் ஒருத்தரும் கை தூக்க மாட்டார்கள். பதினைந்து வயதில் நண்பர்கள் முன்னால் 'எனக்கு முடியாது' என்று சொல்ல ரொம்ப தைரியம் வேணும். ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் உண்மை வரும். வீட்டில் வளர்த்த நாய் போன மாதம்தான் செத்திருக்கும், தாத்தாவின் இறுதிச்சடங்கு முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், மதக் காரணம் இருக்கும். பன்றி என்பதாலேயே தொட முடியாத பிள்ளையும் இருக்கும், எந்த உயிரையும் வெட்ட மாட்டேன் என்கிற பிள்ளையும் இருக்கும். இரண்டும் வேறு வேறு. முதல் பிள்ளைக்குப் பன்றிக்குப் பதில் தவளை கொடுத்தால் போதும், இரண்டாவது பிள்ளைக்கு அது தீர்வே இல்லை.

பிறகு விதிகள். உறுப்புகளை வைத்து விளையாடக் கூடாது. செல்ஃபி எடுத்து ஸ்டோரி போடக் கூடாது. கிண்டல் கூடாது. இவை ஒழுக்கத்துக்காக மட்டும் இல்லை. பக்கத்து மேஜையில் ஒருவன் தவளையின் காலை ஆட்டிச் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகளுக்கு அந்த வகுப்பே வெறுத்துப்போகிறது. வெட்டியதைவிட அதுதான் மனதில் நிற்கும்.

குழு பிரிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று அல்லது நான்கு பேர். ஒருவர் வெட்டுவார், ஒருவர் வழிமுறையைப் படிப்பார், ஒருவர் வரைந்து குறிப்பெடுப்பார். தயங்கும் பிள்ளைக்கு முதலில் குறிப்பெடுக்கும் வேலையைக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் தானாகவே ட்ரே பக்கம் எட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் கொள்கையாகவே வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை இப்படிப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு 'உனக்கு மாற்று கொடுத்தாச்சு' என்று சொன்னால் அது ஏமாற்று வேலை.

அந்த வாசனை என்ன?

ஃபார்மலின். ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைத் தண்ணீரில் சுமார் 37 சதவீதம் அளவுக்குக் கரைத்தால் கிடைப்பது. சதை அழுகாமல் கெட்டிப்படுத்தி வைக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் ஃபார்மால்டிஹைடை வைத்திருக்கிறது. பயந்துவிட வேண்டாம். வருஷக்கணக்கில் தொடர்ந்து அதை சுவாசிப்பவர்களுக்கான ஆபத்தும், ஒரு பீரியட் வகுப்பும் ஒன்றல்ல. இப்போது பல நிறுவனங்கள் ஃபார்மலினில் பதப்படுத்திய பிறகு, வாசனை குறைந்த வேறு திரவத்துக்கு மாற்றித்தான் அனுப்புகின்றன.

ஆனாலும் கண் எரியும், மூக்கு எரியும். ஜன்னலைத் திறக்க வேண்டும், பதப்படுத்திய உடலைத் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகுதான் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். ஆஸ்துமா இருக்கும் பிள்ளை என்றால் பெற்றோர் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகலாம். அதற்கு மேலே பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஏப்ரன் கட்டாயம். முடி நீளமாக இருந்தால் கட்டிக்கொள்ள வேண்டும்.

வகுப்பு அன்றைக்கு என்ன நடக்கும்?

முதலில் வெளியே பார்ப்பார்கள். கண்ணுக்குப் பின்னால் வட்டமாக இருப்பது செவிப்பறை. வாயைத் திறந்தால் நாக்கு நம்முடையது மாதிரி பின்னால் ஒட்டியிருக்காது, முன்பக்கம் ஒட்டியிருக்கும். பூச்சியைப் பிடிக்க அது வெளியே பாயும் ரகசியம் அதுதான். இதையெல்லாம் பார்க்க எந்த வெட்டும் தேவையில்லை. தயங்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பத்து நிமிஷம் ரொம்ப உதவும்.

அடுத்து தோல். தவளையின் தோல் சதையோடு தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும், சுலபமாக விலகும். அதற்குக் கீழே தசை. இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டக் கூடாது. நடுக்கோட்டில் தசைக்கு உள்பக்கமாக ஒரு சிரை ஓடும். நேர் நடுவில் வெட்டினால் அது அறுந்துவிடும். அதனால் கொஞ்சம் பக்கவாட்டில் வெட்டச் சொல்வார்கள். ஸ்கால்பெல்லைவிட இங்கே கத்திரிக்கோல்தான் நல்லது. மொட்டை முனை உள்ளே, நுனியைத் தூக்கிப் பிடித்து வெட்டினால் கீழே இருக்கும் உறுப்புகள் சேதமாகாது.

திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவது கல்லீரல், மூன்று மடலாகப் பெரிதாக இருக்கும். அதை விலக்கினால் கீழே பச்சையாகப் பித்தப்பை. விரல் விரலாக மஞ்சள் நிறத்தில் இருப்பவை கொழுப்புத் திரள்கள், குளிர்காலத்துக்கான சேமிப்பு. பெண் தவளையாக இருந்தால் வயிறு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக முட்டைகள் நிறைந்திருக்கலாம். இது ஒன்றைத்தான் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எதிர்பார்க்காமல் அதைப் பார்க்கும்போதுதான் வகுப்பில் பலருக்கு முகம் மாறும்.

இரைப்பையை வெட்டினால் கடைசியாகத் தின்ற வண்டோ வெட்டுக்கிளியோ கிடைக்கும். புத்தகத்தில் உணவுச் சங்கிலி என்று படித்தது அங்கே கையில் இருக்கும். குடலைப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வை வெட்டி நீட்டி ஸ்கேலில் அளப்பார்கள். இதயம் சின்னது, மேலே இரண்டு ஆரிக்கிள், கீழே ஒரே வெண்ட்ரிக்கிள். உதரவிதானம் கிடையாது, விலா எலும்பு கிடையாது. தொண்டையை ஏற்றி இறக்கிக் காற்றை உள்ளே தள்ளும் பிராணி அது. சில தவளைகளில் தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் என்று நிறமேற்றிய ரப்பர் பாலை ஏற்கெனவே செலுத்தியிருப்பார்கள். அது இயற்கையான நிறம் இல்லை என்று சொல்லவில்லை என்றால், தவளைக்கு நீல ரத்தம் என்று வீட்டில் வந்து சொல்லும் பிள்ளைகளும் உண்டு.

முடிந்த பிறகு பிளேடு, குண்டூசி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வகுப்பை விடுவார்கள். மிச்சம் சாதாரணக் குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது, பள்ளி சொன்ன தனிப் பையில் போட வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

மயக்கம் வந்தால்?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரத்தத்தையோ உறுப்புகளையோ பார்த்தவுடன் சிலருக்கு இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். வியர்க்கும், காது அடைக்கும், பார்வை மங்கும். பலசாலிப் பையனுக்கும் வரும். அன்றைக்குக் காலையில் சாப்பிடாமல் போகக் கூடாது. 'வாந்தி வந்துடும், சாப்பிட வேண்டாம்' என்று வெறும் வயிற்றோடு அனுப்புவது தப்பு, அதில்தான் மயக்கம் சீக்கிரம் வரும்.

அறிகுறி தெரிந்தால் முதல் வேலை கையில் இருக்கும் கத்தியைக் கீழே வைப்பது. அடுத்து உட்கார வேண்டும். மயங்கிவிட்டால் படுக்க வைத்து காலை உயர்த்த வேண்டும், தூக்கி நிறுத்தக் கூடாது.

'மாட்டேன்' என்று சொல்ல உரிமை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இதற்குப் பின்னால் ஒரு பள்ளி மாணவியின் கதை இருக்கிறது.

1987-இல் கலிஃபோர்னியாவில் ஜெனிஃபர் கிரஹாம் என்ற 15 வயது மாணவி, தவளையை அறுக்க மாட்டேன் என்று சொன்னார். மார்க் குறையும் என்ற நிலை வந்தபோது விஷயம் நீதிமன்றம் போனது. இயற்கையாகச் செத்த தவளையைப் பள்ளி கண்டுபிடித்துக் கொடுத்தால் அதில் தேர்வு எழுதட்டும் என்பது மாதிரியான ஒரு சமரசத்தை நீதிபதி சொன்னார். அப்படி ஒரு தவளையை எங்கே போய்த் தேடுவது! ஆனால் அந்த வழக்கு கிளப்பிய பேச்சில் 1988-இல் கலிஃபோர்னியாவில் சட்டமே வந்துவிட்டது. அதற்கு முன்பே 1985-இல் ஃபுளோரிடா இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. இன்றைக்கு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சட்டமாகவோ கல்வித் துறைக் கொள்கையாகவோ இந்த உரிமை இருக்கிறது.

கலிஃபோர்னியா சட்டத்தில் கவனிக்க வேண்டியவை இவை. மறுக்கும் உரிமை இருக்கிறது என்பதை ஆசிரியர் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாணவருக்குத் தார்மீக ரீதியான ஆட்சேபம் இருந்தால், பெற்றோரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். கொடுக்கும் மாற்று வேலை, டிசெக்ஷனுக்கு ஆகும் அளவுக்கு நேரமும் உழைப்பும் கேட்கலாம். ஆனால் மறுத்ததற்குத் தண்டனை மாதிரி அதைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. மறுத்ததற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வகுப்பு நாள் வரைக்கும் காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பலாம். எந்த உயிரினம், என்ன மாற்று, மார்க் எப்படிப் போடப்படும் என்ற மூன்று கேள்வி போதும். சட்டம் இல்லாத மாநிலமாக இருந்தாலும் அந்த மாவட்டப் பள்ளி நிர்வாகத்தின் கொள்கை என்ன என்று கேட்கலாம். அமெரிக்க அறிவியல் ஆசிரியர்களின் தேசியச் சங்கம் டிசெக்ஷனை எதிர்க்கவில்லை, ஆனால் வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று கொடுக்க ஆசிரியர்கள் தயாராக இருக்க வேண்டும் என்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முடிவை எடுக்க வேண்டியது பிள்ளை. வீட்டில் எல்லோரும் சைவம் என்பதால் பிள்ளையும் மறுக்கணும் என்று இல்லை. 'டாக்டர் ஆகப்போறே, இதுக்குப் போய் பயப்படலாமா?' என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. கேட்டுப் பார்த்தால் பல வீடுகளில் பெற்றோருக்கு ஆச்சரியமான பதில் வரும்.

மாற்று என்றால் என்ன?

கம்ப்யூட்டர் தவளைக்கு வயது முப்பதுக்கு மேல். 1994-லேயே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் இணையத்தில் ஒரு தவளையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க வசதி செய்து கொடுத்தது. இன்றைக்கு முப்பரிமாண ஆப்கள் நிறைய வந்துவிட்டன. 2019 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஜே.டபிள்யூ. மிட்செல் உயர்நிலைப் பள்ளியில் செயற்கைத் தவளைகளை மாணவர்கள் அறுத்தார்கள். சின்டேவர் என்ற நிறுவனம் செய்த அந்தத் தவளைக்கு ஈரமான தோல், எலும்பு, உறுப்புகள், முட்டை எல்லாம் உண்டு, ஃபார்மலின் கிடையாது. விலைதான் நிஜத் தவளையைவிடப் பல மடங்கு.

மாற்று வழியில் படித்தவர்களையும் அறுத்துப் படித்தவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில், மாற்று வழி மாணவர்கள் தேர்வில் பின்தங்கவில்லை. கையில் தொடும்போது கிடைக்கும் உணர்வு, ஒவ்வொரு உடலும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும் என்ற அறிவு, இவை திரையில் கிடைக்காது என்பது எதிர்த் தரப்பு வாதம். அதிலும் உண்மை இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை பிரிட்டனில் பார்க்கலாம். அங்கே ஏ-லெவல் உயிரியலில் டிசெக்ஷன் ஒரு செய்முறையாக இருக்கிறது, ஆனால் முழு விலங்கு தேவையில்லை. இறைச்சிக் கடையிலிருந்து வரும் ஆட்டு இதயத்தையோ, ஒரு செடியின் தண்டையோகூட எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஆட்டு இதயம் நம் ஊர் கறிக்கடையிலும் கிடைக்கும். அசைவம் சாப்பிடும் வீட்டில், சமையலுக்கு வந்த இதயத்தையே பிள்ளைக்குக் காட்டலாம். இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பது இடது பக்கம், உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் வெண்ட்ரிக்கிள். வலது பக்கம் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புவதால் சுவர் மெல்லிசு. நீளவாக்கில் வெட்டினால் வால்வைப் பிடித்திருக்கும் வெள்ளை நரம்பு மாதிரியான நூல்கள் தெரியும். இழுத்துப் பார்த்தால் அறுகாது. அப்படிப் பார்த்த இதயத்தைத் திரும்பக் குழம்பில் போட வேண்டாம், கத்தியையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

நீட் எழுதப்போகும் பிள்ளைகளுக்கு?

இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்த விலங்கையும் அறுக்காமலேயே மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியும், கிட்டத்தட்ட எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். அங்கே முதல் வருஷம் அனாடமி வகுப்பில் கத்தி வைப்பது தானமாக வந்த மனித உடல் மீது. பல கல்லூரிகளில் வகுப்பு தொடங்கும் முன் மாணவர்கள் அந்த உடலின் முன்னால் நின்று, மரியாதையோடு நடத்துவோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். முதல் சில நாள் சாப்பாடு இறங்காதவர்கள், தூக்கம் வராதவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் சீனியரிடம் மட்டும் சொல்லிவிட்டு விடாமல், துறைப் பேராசிரியரிடமோ கல்லூரியின் ஆலோசகரிடமோ பேச வேண்டும்.